இருபத்து மூன்றே முக்கால்

பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரும்போது மட்டும் தேவகிருபை வாயை மூடிக்கொள்வாள். நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதாகச் சொல்லும் வரி அது. சபை முழுக்க ஒரே குரலாக அதைச் சொல்லி முடிக்கும்வரை பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். இப்படி ஆறு வருஷம். இதில் கொடுமை என்னவென்றால், யாரை மன்னிக்க மறுக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. முகமில்லாத ஒரு திருடனைத் தேடித் தேடி அவள் நெஞ்சு காய்ந்து போயிருந்தது.

ஆம்பூரில் அஹமது பாஷாவின் ஷூ கம்பெனியில் தோல் ஸ்டோர் அவள் பொறுப்பில் இருந்தது. பேரணாம்பட்டிலிருந்து பதனிட்ட தோல் லாரியில் வந்து இறங்கும். ஒவ்வொரு தோலின் பின்புறத்திலும் அது எத்தனை சதுர அடி என்று பதனிடுகிற தோல் ஷாப்பிலேயே எழுதி அனுப்பியிருப்பார்கள். அதற்கென்று இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இருபத்து மூன்றே முக்கால் அடி என்றால், இருபத்து மூன்று என்று பெரிதாக எழுதி அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு மூன்று போடுவார்கள். சின்ன ஒன்று என்றால் கால், இரண்டு என்றால் அரை, மூன்று என்றால் முக்கால். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இது தெரியும். தேவகிருபை பதினோரு வருஷம் அதைப் பார்த்து நோட்டில் எழுதி வந்தவள். ஒரு நாளும் பிசகியதில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஏப்ரல் மாதம் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் நெல்வின். கம்ப்யூட்டர் பிரிவில் அவன்தான் எல்லாம். அவளுடைய சபைக்காரன், ஆராதனையில் இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவன், அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். சென்னைக் கம்பெனி செய்து கொடுத்த அந்த ஸ்கிரீனில் எப்படி எண்களை அடிப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். தோலின் அளவுக்கு ஒரே ஒரு பெட்டி இருந்தது. கீபோர்டில் தலைமாட்டுச் சின்ன எண்ணுக்கு வழியில்லை. அதனால் தேவகிருபை இருபத்து மூன்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, மூன்று அடித்தாள். பெட்டி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

மூன்று மாதம் கழித்துத் தோல் ஷாப்பின் சீட்டுகளையும் கம்ப்யூட்டரையும் ஒத்துப் பார்த்தபோது ஐயாயிரம் சதுர அடிக்கு மேல் குறைந்தது. லாரியில் ஏறிய தோல் ஸ்டோருக்கு வந்து சேரவில்லை என்றது கம்ப்யூட்டர். எடுத்து அளந்து பார்க்கலாம் என்றால், அந்தத் தோலெல்லாம் ஏற்கெனவே ஷூவாகிக் கப்பலேறிவிட்டது. விசாரணையில் நெல்வினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் தானாக எதையும் குறைக்காது, போட்டதைத்தான் காட்டும் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஜூலை பதினேழாம் தேதி, ஷிப்ட் மாறும் நேரம். கேட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துச் சோதித்தார்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக நானூறு பேர் நின்று பார்க்க, தோலை எந்தக் கடையில் விற்றாய் என்று பாஷா கேட்டார். தேவகிருபைக்குத் தொண்டையில் சத்தமே வரவில்லை. சத்தம் வராததையே எல்லோரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

போலீசுக்குப் போகாமல் விட்டார்கள், அதைப் பெரிய மனசு என்று ஊர் பேசியது. சபையில் அவள் எடுத்து வந்த ஞாயிறு பள்ளி வகுப்பு வேறொருத்திக்குப் போயிற்று. மகள் ரெனிட்டா அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் மாலை வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். ஷூ புத்தகப் பைக்குள் இருந்தது. அது திருட்டுத் தோலில் தைத்ததா என்று பக்கத்துப் பெஞ்சுக் குழந்தைகள் கேட்டார்களாம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். கணவன் சுந்தர்ராஜ் தொடக்கப் பள்ளி வாத்தியார், சாது. அவன் ஒரு நாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நெஜமா நீ எடுக்கல இல்ல?"

அன்றைக்குத்தான் தேவகிருபைக்குள் ஏதோ ஒன்று கல்லானது. எவன் எடுத்தானோ அவனைக் கண்டுபிடிக்காமல் சாகமாட்டேன் என்று முடிவு செய்தாள். லாரி டிரைவரைச் சந்தேகப்பட்டாள், வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டாள். ஊரை விட்டு வேலூருக்குக் குடிபெயர்ந்து, ஒரு நர்ஸ் சிநேகிதியின் சிபாரிசில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவு கவுண்டரில் உட்கார்ந்தபிறகும், மனசு மட்டும் அந்த ஐயாயிரம் அடித் தோலைத் தேடிக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் அந்தக் கவுண்டருக்கு பில்கிஸ் வந்தாள்.

இருபத்தேழு வயதுப் பெண். ஆம்பூர்க்காரி, பெங்களூரில் வேலை. தலையில் துப்பட்டா, கையில் ஒரு நோட்டு. ஆஸ்பத்திரிக்குப் புதிய கம்ப்யூட்டர் முறை வரப்போகிறது, அதற்கு முன்னால் இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். தேவகிருபையின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேசவே இல்லை. அவ்வப்போது எதையோ எழுதினாள். மறுபடியும் விசாரணை வந்துவிட்டது என்றே தேவகிருபை நினைத்தாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் திரும்பி, நான் இன்னா தப்பு பண்ணேன்னு எழுதறீங்க என்று கேட்டே விட்டாள்.

"நீங்க தப்பு பண்றீங்களான்னு பாக்க வரலக்கா. இந்த ஸ்கிரீன் உங்களத் தப்பு பண்ண வைக்குதான்னு பாக்க வந்திருக்கேன்" என்றாள் பில்கிஸ்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா? அன்று மத்தியானம் கேண்டீனில் பில்கிஸ் விளக்கினாள். யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன் என்று அதற்குப் பெயர். ஸ்கிரீனோ, மெஷினோ, போர்டோ, எதுவானாலும் அதைப் பயன்படுத்துகிற ஆளின் பக்கம் உட்கார்ந்து பார்த்துச் செய்வது. பத்துப் பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் பத்துப் பேரும் முட்டாள்கள் இல்லை, அந்த இடம் சரியில்லை என்று பொருள்.

தேவகிருபை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாத கதையை அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னாள். பில்கிஸ் தோல் வியாபாரக் குடும்பம், பாஷா அவளுக்குத் தூரத்து மாமா முறை. கதையை இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, அன்றைக்கு எப்படி அடிப்பீர்களோ அப்படியே எழுதிக் காட்டச் சொன்னாள். தேவகிருபை பேப்பரில் 23.3 என்று எழுதினாள்.

"இது எவ்ளோக்கா?"

"இருபத்து மூணே முக்கால்."

பில்கிஸ் அந்த எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு இது முக்கால் இல்லக்கா. அரைக்கும் கம்மி. ஒரு அடியப் பத்தாப் பிரிச்சு அதுல மூணு. தோல் எங்கயும் போகலக்கா. யாரும் எடுக்கல."

தேவகிருபை அழவில்லை. எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திருடனே இல்லாத திருட்டுக்கு அவள் ஆறு வருஷம் தண்டனை அனுபவித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: இந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுப்பாயா?

பில்கிஸ் நான்கு மாதம் வேலூரில் இருந்தாள். சாப்பாட்டு வேளையிலும் சனிக்கிழமைகளிலும் பாடம் நடந்தது. பாடம் என்றால் புத்தகமில்லை. காட்பாடி ரோட்டில் ஒரு ஏடிஎம் வாசலில் நிற்க வைத்து, இருபது பேர் எந்த இடத்தில் விரலை நிறுத்தி யோசிக்கிறார்கள் என்று குறித்து வரச் சொன்னாள். முதல் நாள் தேவகிருபை, இவர் கவனமில்லாதவர், அந்தம்மா அவசரக்காரி என்றெல்லாம் எழுதி வந்தாள். பில்கிஸ் அவ்வளவையும் அடித்துவிட்டாள். கண் பார்த்ததை மட்டும் எழுது, குணத்தை எழுதாதே என்றாள். இரண்டாம் முறை, திண்டாடிய ஒரு முதியவருக்கு தேவகிருபை உதவி செய்துவிட்டாள். அதற்கும் திட்டு. நீ உதவி செய்தால் தப்பு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் போய்விடும், பார்க்கிறவர்கள் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருக்க வேண்டும் என்றாள். அது தேவகிருபைக்குச் சுலபமாக வந்தது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வாழ்வதில் அவளுக்கு ஆறு வருஷப் பயிற்சி இருந்தது.

பில்கிஸ் அசந்துபோகும் அளவுக்கு அவள் கற்றாள். நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு பசியா என்று பில்கிஸ் வியந்தாள். அது படிப்பின் பசி மட்டும் இல்லை என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை தேவகிருபை ஆம்பூருக்குப் பஸ் ஏறினாள். தனக்குப் பிறகு ஸ்டோரில் உட்கார்ந்த எழிலரசியின் வீட்டைத் தேடிப் போய், இப்போது தோல் அளவை எப்படி அடிக்கிறாய் என்று விசாரித்தாள். எழிலரசி வெகுளி.

"ரெண்டு பொட்டிக்கா. ஒண்ணுல முழு அடி. பக்கத்துல கால், அரை, முக்கால்னு தனித்தனியா இருக்கும், தொட்டா போதும். நான் சேர்ந்த மாசமே மாத்திட்டாங்க."

எழிலரசி சேர்ந்தது தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில்.

திரும்பி வந்து பில்கிஸிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ஸ்கிரீன் தானாக மாறுமா? மாறாது என்றாள் பில்கிஸ். யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும், ஏன் மாற்றச் சொல்கிறோம் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் அப்படிக் கேட்கக்கூடிய ஆள் ஒருவன்தான். அன்று முதல் தேவகிருபையின் திருடனுக்கு முகம் வந்தது. அந்த முகம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் பாட்டுப் பாடிய முகம்.

காலம் அவள் பக்கம் திரும்பியது. அடுத்த வருஷம், ஷூ வாங்குகிற ஜெர்மனிக்காரர்கள் கேட்டார்கள் என்று பாஷா கம்பெனிக்குப் புது மென்பொருள் வாங்க முடிவு செய்தார். நம் பெண்தானே என்று ஸ்கிரீன்களைப் பார்த்துத் தர பில்கிஸைக் கூப்பிட்டார். தோலும் தெரிந்து இந்த வேலையும் தெரிந்த ஆள் தேவகிருபையைத் தவிர வேறு யார்? கூட்டிப்போவதற்கு முன்னால் பில்கிஸ் அவளை நிறுத்தி, இது பழி தீர்க்கிற இடமில்லை அக்கா என்றாள். தேவகிருபை தலையை ஆட்டினாள்.

பாஷாவின் அறை, காலை பதினொரு மணி. மேஜைமேல் பத்துத் தோல்கள். பில்கிஸின் லேப்டாப்பில் மூன்று விதமான ஸ்கிரீன்கள். ஒப்பிட்டுப் பார்க்க முதலாவதாகப் பழைய ஒற்றைப் பெட்டி ஸ்கிரீனையும் வைக்கலாம் என்று தேவகிருபைதான் யோசனை சொல்லியிருந்தாள். அவற்றில் அளவை அடித்து டெஸ்ட் செய்ய வேண்டிய ஸ்டோர் ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். நெல்வின் இப்போது மேனேஜர், கழுத்தில் டை. அவளைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல எடுத்த கை பாதியில் இறங்கியது. பாஷாவும் அடையாளம் கண்டுகொண்டார். முகம் சுருங்கியது. மருமகள் முறைப் பெண் கூட்டி வந்தவளை வெளியே போகச் சொல்ல வாய் வரவில்லை.

"மொதல்ல நீங்க உக்காருங்க பாய்" என்றாள் தேவகிருபை.

இது பேசி வைத்ததில்லை. பில்கிஸ் திரும்பிப் பார்த்தாள். பாஷா சிரித்தார்.

"நானா? நமக்கு எதுக்கும்மா இந்தப் பேஜார்? கம்ப்யூட்டரத் தொட்டதே இல்ல நான்."

"தோலத் தொட்டிருக்கீங்க இல்ல? அது போதும் பாய். பின்னால எழுதியிருக்கற அளவ இந்தப் பொட்டில போடுங்க."

பத்து வயதிலிருந்து தோலோடு கிடந்தவருக்கு அந்தச் சவால் பிடித்திருந்தது. உட்கார்ந்தார். முதல் தோலைப் புரட்டினார். இருபத்து மூன்று, தலைமாட்டில் சின்ன மூன்று. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். இருபத்து மூன்று, புள்ளி, மூன்று. பெட்டி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. சார், வந்து, என்று நெல்வின் ஆரம்பித்தான். டெஸ்ட் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்றாள் தேவகிருபை. பத்துத் தோலும் முடிந்தது. அவள் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை.

மனசிலேயே கூட்டிச் சொல்லச் சொன்னாள். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இருநூற்றுப் பதினைந்தே முக்கால் என்றார். ஸ்கிரீனின் அடியில் 212.3 என்று இருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இருநூத்திப் பன்னண்டே முக்கால்னு காட்டுது? மூணு அடி கம்மியாவுதே."

"பத்தே தோல்ல மூணு அடி" என்றாள் தேவகிருபை. "எங்க போச்சு பாய்? எந்தக் கடைல வித்தீங்க?"

பாஷா தோலைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். அவருக்கு விளங்க எவ்வளவு நேரம் ஆனது என்று தேவகிருபை மனசுக்குள் எண்ணினாள். பதினான்கு எண்ணிக்கை. அந்தப் பதினான்கையும் அவள் கற்கண்டு மாதிரி நாக்கில் வைத்துச் சுவைத்தாள்.

பிறகு, ஸ்கிரீனை மாற்றச் சொன்ன சீட்டுகளின் பைலைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். அது எப்போதோ கரையான் அரித்துவிட்டது என்றான் நெல்வின். உங்கள் பீரோவில் பச்சைக் கயிறு கட்டி இருக்கிறதே சார் என்று வாசலில் நின்ற எழிலரசி நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் எடுத்தும் வந்தாள். பாஷாவே புரட்டினார். ஒரு மஞ்சள் தாள். நெல்வினின் கையெழுத்து. பணியாளர்கள் முக்காலைக் குறிக்கப் புள்ளி மூன்று என்று அடிக்கிறார்கள், அளவு குறைகிறது, பெட்டியை இரண்டாகப் பிரிக்கவும். தேதி, ஜூலை இருபத்தெட்டு. அவளைக் கேட்டில் நிறுத்திய பதினோராம் நாள்.

அந்த ஸ்கிரீனை ஒருவரையும் உட்கார வைத்துப் பார்க்காமல் சரியென்று கையெழுத்திட்டவன் நெல்வின்தான். வெளியே தெரிந்தால், வரப்போகிற மேனேஜர் பதவி போய்விடும். அதனால் ஓசைப்படாமல் பெட்டியைத் திருத்திவிட்டு, அவளைத் திருடியாகவே இருக்க விட்டுவிட்டான். நெல்வினுக்குக் கண் கலங்கியது. ஏதோ ஒரு பிடி கிடைத்ததுபோல் பேசினான்.

"அக்கா, ஆளு மேல தப்பு இல்ல, ஸ்கிரீன் மேலதான்னு நீங்களே சொல்றீங்க. என்னையும் அப்படிப் பாருங்கக்கா."

"அந்தப் பொட்டில எண்ணு போட்டவங்க மேல தப்பு இல்ல, நெல்வின். நீ எண்ணு போட்டவன் இல்ல. பதினோரு நாள்ல தெரிஞ்சுகிட்டு ஏழு வருஷம் வாய மூடிகிட்டவன். அதுக்கு எந்த ஸ்கிரீனும் காரணம் இல்ல."

பாஷா எழுந்து நின்றார். பழைய வேலையைத் தருவதாகச் சொன்னார், அதைவிடப் பெரிய வேலையும் தருவதாகச் சொன்னார். தேவகிருபை வேண்டாம் என்றாள். இன்று மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும்போது, அதே கேட்டில், அந்த மஞ்சள் தாளை நெல்வின் தன் வாயால் படிக்க வேண்டும், அது போதும் என்றாள்.

"என் புள்ளைங்களும் இந்த ஊர்லதான்க்கா படிக்குதுங்க" என்றான் நெல்வின்.

"தெரியும். என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு."

வராந்தாவுக்கு வந்ததும் பில்கிஸ் அவளைத் தடுத்து நிறுத்தினாள். டெஸ்ட்டுக்கு உட்காருகிறவர்கள் நம்மை நம்பி உட்காருகிறார்கள், அவர்களை அவமானப்படுத்தக் கூடாது என்பதுதான் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்றாள்.

"மாமு முகத்தப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். அதப் பாக்கத்தான் உக்கார வெச்சேன்."

"இனிமே என்னால உங்கள எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது."

வாழ்க்கையில் முதன்முதலாகத் தேவகிருபை ஆசைப்பட்டுக் கற்ற வேலை அது. அந்தப் பெண்ணைத் தங்கையாகவே நினைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டிருந்தால் பில்கிஸ் இளகியிருப்பாள். ஆனால் செய்ததற்கு வருத்தப்படாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? சரிம்மா என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. கேட்டின் இரண்டு பக்கமும் கூட்டம் நின்றது. பாஷா பக்கத்தில் நிற்க, நெல்வின் தாளைப் படித்தான். தாளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தான். தேவகிருபை கூட்டத்துக்குள் நுழைந்து கடைசி வரிசைக்குப் போனாள். தையல் பிரிவு ஷஹீன் பானு அங்கே நின்றிருந்தாள். இன்னா சொன்னார், புரிந்ததா என்று தேவகிருபை அவளிடம் கேட்டாள்.

"ஏதோ பொட்டியாம், பிரிக்கணுமாம். ஒண்ணும் வெளங்கல" என்றாள் ஷஹீன் பானு.

தேவகிருபை முன்னால் திரும்பி வந்தாள். பின்னால் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை, மறுபடி படிக்கச் சொல்லுங்கள் என்று பாஷாவிடம் சொன்னாள். நெல்வின் மறுபடி, கொஞ்சம் உரக்கப் படித்தான். அவள் மறுபடி கடைசி வரிசைக்குப் போனாள். தோல் அளவு குறைந்ததாம், யாரோ எடுத்துவிட்டார்களாம் என்றாள் ஷஹீன் பானு. தேவகிருபை நிதானமாக நடந்து முன்னால் வந்து நெல்வின் எதிரில் நின்றாள்.

"இன்னும் போய்ச் சேரல. தாள மடிச்சுட்டு வாயால சொல்லு."

அவன் பாஷாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நெல்வின் தாளை மடித்தான். குரல் உடைந்து, கேட்டைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்கும்படி வந்தது.

"தேவகிருபை அக்கா திருடல. கம்ப்யூட்டர்ல நான் ஒத்துகிட்ட பொட்டிதான் தப்பு. அது எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லல."

மூன்றாம் முறையும் அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போனாள். இந்த முறை கேட்கத் தேவையிருக்கவில்லை. ஷஹீன் பானு முகத்தைச் சுளித்துக்கொண்டு தானாகவே சொன்னாள்.

"அவனுக்கு எல்லாம் தெரியுமாம்க்கா. தெரிஞ்சே உட்டுட்டானாம்."

மீண்டும் சங்கு ஊதியது. உள்ளே போக வேண்டியவர்கள் போகவில்லை, வெளியே வர வேண்டியவர்கள் வரவில்லை. அத்தனை பேரும் அப்படியே நின்று நெல்வினைப் பார்த்தார்கள். கேட்டிலிருந்து ஆபீஸ் படிக்கட்டு வரை நூறு அடி இருக்கும். நெல்வின் கழுத்து டையைப் பிடித்தபடி, இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு நடுவே அந்த நூறு அடியையும் நடந்து போனான். தேவகிருபை கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, அவன் எங்கெங்கே நின்றான், எங்கெங்கே தடுமாறினான் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.